அயனிக்குச் சந்தையில் இடமில்லை

குற்றாலம் போய்வந்த நண்பர் ஒருவர் ஒரு பை நிறைய ரம்புட்டான் கொடுத்தார். மலாய் நாட்டுப் பழம் என்று சொல்வதில் அவருக்குத் தனிப் பெருமை. "நம் மலையின் அயனிப் பழம் தின்றதுண்டா?" என்றேன். "அது மரமல்லவா? கட்டில் செய்வார்களே!" என்றார்.

இதுதான் நம்மவர் லட்சணம்! மேற்குத் தொடர்ச்சி மலைக்கே சொந்தமான பலா ஜாதி அது. லாமார்க் என்ற பிரெஞ்சுக்காரர் 1789-இலேயே அதற்குப் பெயர் வைத்து ஏட்டில் ஏற்றிவிட்டார். 100 அடிக்கு மேலும் வளரும். நமக்கோ அது இத்தனை கன அடி. நிலை, கதவு, கேரளத்தார் ஓட்டும் சுண்டன் வள்ளம்.

பழத்தைக் கேட்பாரில்லை. ஆரஞ்சு அளவு, மேலெல்லாம் சிறு முள், உரித்தால் மஞ்சள் சுளை, தித்திப்போடு ஒரு புளிப்பு. கொட்டையை வறுத்துத் தின்றால் வேர்க்கடலையை மறந்துவிடலாம். "உயரத்திலிருந்து விழுந்து நசுங்குகிறது, கடைக்கு எப்படி வரும்?" என்கிறார்கள். ஏறிப் பறித்துக் கயிற்றில் இறக்கினால் ஏன் வராது? ஏறுகிறவனுக்குக் கூலி கொடுக்க மனமில்லை, ஐயா! அறுக்கிறவனுக்குத் தாராளமாகக் கொடுக்கிறோம்.

அதன் விதை உலர்ந்தால் முளைக்காது. பழுத்த மரம் நின்றால்தான் வௌவாலாவது தின்று நாலு இடத்தில் போடும்.

எங்கள் புறக்கடையில் நின்ற அயனியை விற்றவன் நானேதான். அந்த இடத்தில் இப்போது ரப்பர் நிற்கிறது. சுளையின் ருசி எப்படி என்று மகள் கேட்கிறாள். பலாவைப் போல என்று சொல்லிப் பார்த்தேன், அவள் நம்பவில்லை.