பழைய உழவு இயந்திரத்துக்குப் பணம் அனுப்புமுன்

பெரும்போகம் நெருங்கும் காலத்தில் லாச்சப்பலில் இரு வன்னி உறவினர் சந்தித்தால், பேச்சு மழையில் தொடங்கி உழவு இயந்திரத்தில் வந்து நிற்கிறது. கிளிநொச்சியிலுள்ள தம்பிக்கோ முல்லைத்தீவிலுள்ள மைத்துனருக்கோ ஒரு பழைய 'மெசி' எடுத்துக் கொடுத்தால் அந்தக் குடும்பம் தன் காலில் நிற்கும் என்ற எண்ணம் நியாயமானதே. 2009 இல் முள்ளிவாய்க்காலிலும் புதுக்குடியிருப்பிலும் கைவிட்டு வந்த உழவு இயந்திரங்களுள் பல உரியவர் கைக்குத் திரும்பவேயில்லை. 2020 முதல் சில ஆண்டுகள் இலங்கையில் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால் பழைய வாகனங்களின் விலையும் மிக ஏறிற்று. ஆகவே இன்று அனுப்பப்படும் பணம் சிறு தொகையன்று. உணவகச் சமையலறையில் நின்று கட்டிய ஈராண்டுச் சீட்டுக்காசு.

அந்தப் பணத்தை அனுப்புவதா இல்லையா என்பதை நம்மவர் பலர் தொலைபேசியில் வந்த ஒரு படத்தைப் பார்த்தே தீர்மானிக்கின்றனர். சிவப்பு வர்ணம் பளபளக்கிறது; ரயர் கறுப்பாக மினுங்குகிறது. படத்தில் எல்லா இயந்திரமும் புதிதே. வர்ணம் பூசுவதற்கு ஒரு நாள் போதும். புதிய வர்ணத்தைக் கண்டால் மகிழ்வதைவிட, அது எதை மறைக்கப் பூசப்பட்டது என்று கேட்பதே நன்று. எண்ணெய் கசிந்த இடத்தில் புழுதி படிந்து அப்பிக் கிடக்கும் பழைய இயந்திரம், தன் நோயை மறைக்காமல் காட்டுகிறது என்றே நாம் கொள்வோம்.

முதலில் ஒரு கேள்வி. சொந்த வயல் இரண்டு மூன்று ஏக்கர் மட்டுமெனில் நான்கு சில்லு இயந்திரம் தேவைதானா? அது கூலிக்கு உழுதால்தான் தன் செலவைத் தானே மீட்கும். கூலி உழவுக்கு ஓடித்திரியும் சாரதி வீட்டில் இல்லையென்றால், இரண்டு சில்லு 'லான்ட்மாஸ்டர்' போதுமானது. இதைச் சொன்னால் ஊரில் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

நான்கு சில்லுதான் என்று முடிவானால், ஊரில் அதிகம் பேசப்படும் பழைய இயந்திரங்கள் மெசி பேர்குசன் 35 உம் 135 உம் ஆகும். 135 இங்கிலாந்தின் கொவென்றி ஆலையில் 1964 இல் வெளிவரத் தொடங்கி எழுபதுகளின் நடுப்பகுதியில் நின்றுபோயிற்று. அங்கிருந்து வந்ததாயின் மிக இளையதற்கும் இன்று ஏறத்தாழ ஐம்பது வயது. இருந்தும் மக்கள் அதனை விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 45 பரிவலுக் கொண்ட அதன் மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் இயந்திரம் எளிமையானது. ஊர்ப் பட்டறையிலேயே பிரித்துப் பூட்டலாம். சென்னையில் 1960 இல் தொடங்கப்பட்ட 'ரபே' நிறுவனம் இதே வழியில் இயந்திரங்களைச் செய்துவருவதால், இந்திய உதிரிப்பாகங்களும் கிடைக்கின்றன. (நாம் நாள்தோறும் கடக்கும் கார் து நோர் நிலையத்தில் ரயிலேறினால் போவே நகரை அடையலாம். மெசி பேர்குசன் ஆலை அங்கே 1960 முதல் இயங்குகிறது. ஊரில் நாம் தேடும் பெயர் இங்கே நமது கொல்லைப்புறத்தில் இருக்கிறது.)

பார்க்கப் போகிறவர் விடியற்காலையில், சொல்லாமல் போகவேண்டும். இயந்திரத்தின் மேல் கையை வைத்துப் பார்க்கட்டும். சூடாயிருந்தால், விற்பவர் முன்னரே ஓடவிட்டு வைத்திருக்கிறார் என்று பொருள். ஆறவிட்டு மறுபடி வரலாம். வன்னி வெப்பத்தில் குளிர்ந்த இயந்திரம் அதிகம் இழுபடாமல் உயிர்பெற வேண்டும். தொடக்கத்தில் சிறிது புகை வருவது இயல்பு. சூடேறிய பின்னும் நீலப்புகை தொடர்ந்தால் ஒயில் எரிகிறது. வெண்புகை நீங்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. சுமையில் கரும்புகை கக்கினால் காற்று வடியோ டீசல் பம்போ கவனிக்கப்பட வேண்டும். பின்னர், இயந்திரம் ஓடும்போதே ஒயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. அது பெரிய செலவு.

பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில் வன்னி இயந்திரங்கள் கிடைத்ததைக் குடித்தே ஓடின. மண்ணெண்ணெய் கலந்து ஓடியவையும் உண்டு. டீசல் பம்புக்கு டீசலே மசகு எண்ணெயுமாகும்; மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. ஆதலால் அந்நாளில் உழைத்த இயந்திரமெனில், பம்பு எப்போது திருத்தப்பட்டது என்று கேட்பது முறை.

நம்மவர் பெரிதும் தவறவிடுவது பின்பக்கத்தையே. நமது வயல் சேற்று வயல். இரும்புச் சில்லுப் பூட்டிச் சேறடிக்கும்போது பின் அச்சுவரை தண்ணீரில் அமிழ்கிறது. அச்சு முனைகளிலுள்ள சீல்கள் தேய்ந்திருந்தால் சேற்றுநீர் உள்ளே புகும். 35, 135 ஆகியவற்றில் கியர்ப்பெட்டி, பின் அச்சு, கலப்பையைத் தூக்கும் ஐதரோலிக் ஆகிய மூன்றும் ஒரே ஒயிலில்தான் இயங்குகின்றன. ஒரு வழியால் தண்ணீர் புகுந்தால் மூன்றும் கெடும். பார்ப்பது எளிது. இரவு முழுதும் அசையாது நின்ற இயந்திரத்தின் அடிப்பூட்டைக் காலையில் சற்றே தளர்த்தினால், தண்ணீர் கனமானதால் அதுவே முதலில் சொட்டும். ஒயில் பால்போல் வெளிறியிருந்தாலும் அதே செய்திதான். விற்பவர் இதற்கு உடன்படவில்லையெனில் வேறு இயந்திரம் பாருங்கள்.

அதே சீல்கள் வெளிப்புறமாகக் கசிந்தால் ஒயில் பிறேக்கில் இறங்கும். வலது, இடது மிதிகளைத் தனித்தனியே மிதித்து, இரு பக்கமும் பிடிக்கிறதா என்று ஓட்டிப் பார்க்கவேண்டும். ஊரில் இதே இயந்திரம் பெட்டியைப் பூட்டிக்கொண்டு ஆட்களை ஏற்றி வற்றாப்பளைப் பொங்கலுக்கும் போகும் என்பதை மறக்கலாகாது.

கலப்பையைப் பூட்டித் தூக்கி, இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். கலப்பை உடனே தொப்பென்று விழுந்தால் ஐதரோலிக் தளர்ந்துவிட்டது. முன் அச்சை உயர்த்திச் சில்லுகளை ஆட்டிப் பார்க்கவும். பின் ரயர்களின் வெடிப்பை வர்ணம் மறைக்காது.

இன்னொன்று மணல். உழவுக்கு மட்டும் ஓடிய இயந்திரம் வேறு. ஆற்று மணல் ஏற்றி ஓடிய இயந்திரம் வேறு. மணல் ஏற்றியதன் கொளுவித் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். கிளச் மிதி வழுவழுத்திருக்கும். மணிக்கணக்குக் காட்டும் மானியை மாற்றலாம். இத்தேய்வுகளை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. அனுமதியின்றி மணல் ஏற்றிய இயந்திரங்களைப் பொலிசார் கைப்பற்றி நீதிமன்றில் நிறுத்துவதும் வன்னியில் அடிக்கடி நடப்பதால், வழக்கு ஏதும் நிலுவையில் இல்லையென்பதையும் விசாரித்தறிய வேண்டும்.

பத்திரங்களில் தயவு தாட்சண்யம் வேண்டாம். பதிவுப் புத்தகத்திலுள்ள இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் இரும்பில் பொறித்தவற்றோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். லீசிங் கடன் இருந்தால் புத்தகத்தில் முழு உரிமையாளராக நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். அக்கடன் தீருமுன் விற்பவரால் முழு உரிமையைத் தரமுடியாது. வெற்றுப் படிவத்தில் எவரோ இட்ட கையெழுத்தை நம்பி வாங்கி, பெயர் மாற்றாமலே ஓட்டும் வழக்கம் ஊரில் உண்டு. முதற் சொந்தக்காரர் இறந்தாலோ நாட்டைவிட்டுப் போனாலோ அந்த இயந்திரம் பெயரற்றதாகிவிடும். பெட்டிக்கும் தனிப் பதிவு உண்டு. அதன் புத்தகத்தையும் கேட்கவும்.

இங்கே பிரான்சில் நான்கு ஆண்டு கடந்த காரை விற்பவர், ஆறு மாதத்துக்குட்பட்ட 'கொந்த்ரோல் தெக்னிக்' அறிக்கையைக் கொடுக்கவேண்டும். மறைந்த குறை பின்னர் தெரியவந்தால் குடியியற் சட்டத்தின் 1641 ஆம் பிரிவைக் காட்டி வழக்காடவும் முடியும். அந்தப் பழக்கத்தில் ஊர்க் கொடுக்கல் வாங்கலை நோக்கினால் ஏமாற்றமே மிஞ்சும். எனவே உறவினர் ஒருவரோடு, விற்பவருக்கு வேண்டப்படாத மெக்கானிக் ஒருவரையும் கூலி கொடுத்து அனுப்புங்கள். அவர் இயந்திரத்தைக் குளிரில் இயக்கும் காட்சியை, வெட்டாமல், தொடக்கம் முதல் முடிவுவரை தொலைபேசியில் எடுத்து அனுப்பட்டும். திரட்டிய தொகை முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல் ஐந்திலொரு பங்கையாவது ரயருக்கும் பற்றறிக்கும் சீலுக்கும் ஒதுக்கி வைக்கவேண்டும் என்பது எமது கருத்து. முற்பணம் சிறிதாகவும், மீதி பெயர் மாற்றப் படிவத்தில் உரியவர் கையெழுத்திடும் நாளிலும் செல்லட்டும். எவர் பெயரில் பதிவது, உழவுக்கூலி எவரிடம் சேரும் என்பவற்றையும் அந்த நாளுக்கு முன்னரே தம்பியோடும் தங்கையோடும் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.