குளிசையை நிறுத்தலாமா?

"தலையிடி இல்லை, தலைச்சுற்று இல்லை, எனக்கேது பிறசர்?" என்பார் நம்மிடையே பலர். உயர் இரத்த அழுத்தமோ பெரும்பாலும் அறிகுறி காட்டாது வளர்வது. அளந்தாலன்றி அதனை அறிதல் இயலாது.

கையிற் பட்டி கட்டி, நாடியின் ஒலிகேட்டு அளக்கும் முறையை 1905-இல் ருஷிய வைத்தியர் கொறொற்கோவ் வெளியிட்டார். ஒலி தொடங்குமிடம் மேலெண், மறையுமிடம் கீழெண். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின்னரே அளத்தல் வேண்டும். ஓடிவந்த களைப்போடும், தேநீர் அருந்தியவுடனும் அளத்தல் தகாது. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேற் காணின், வைத்தியர் பொதுவாக அதனை நோயெனக் கொள்வர்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அஃதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடங்கவேண்டும். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் என்பவற்றின் உப்பும் இக்கணக்கிற் சேரும். நாள்தோறும் நடத்தலும் நன்று.

அளவு இறங்கியதும் "சுகமாயிற்று" எனக் குளிசையை நிறுத்துவோர் உளர். இறங்கியது குளிசையினாலன்றோ! நிறுத்தின் அழுத்தம் மீண்டும் ஏறும். பாரிசவாதமும் மாரடைப்பும் சிறுநீரகக் கேடும் அதன்வழி வரும். வைத்தியரைக் கேளாது குளிசையை விடலாகாது. மாணவர்காள்! வீட்டுப் பெரியோர்க்கு இதனை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.