கிணற்றில் கரையும் சிப்பாய்க் கடிதங்கள்

இராணுவத்திலிருந்து பிள்ளை எழுதிய கடிதத்தைக் கிணற்றில் போடுவது மார்க்கம் என்று எந்தக் கிதாபில் ஓதினார்கள்? நோன்புக்கு முன்னர் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்பொழுது, கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட பழங்கடிதங்களை இறக்குகின்றனர். தலைப்பில் 786 என்றிருக்கிறது. மிதிபடலாகாதே என்று அஞ்சி, மூட்டையாகக் கட்டிப் பாழுங்கிணற்றில் சேர்த்துவிடுகின்றனர். கொல்லிமலையின் அடிவாரத்து எருமப்பட்டியிலும் அண்டையூர்களிலும் இவ்வழக்கத்தை நாம் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். பேணுதலால் செய்வதுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேணுதலால் அழிவது நம்முடைய சாட்சியம்.

ஓத இயலாதபடி சிதைந்துபோன முஸ்ஹபு ஏடுகளுக்கு உலமாக்கள் கூறிய விதி வேறு. படிக்கத்தக்க நிலையிலிருக்கும் கடிதம் வேறு. பெருமானார் (ஸல்) அவர்கள் ரோமாபுரி மன்னர் ஹிர்கலுக்கு விடுத்த மடல் பிஸ்மில்லாஹ்வுடன்தான் தொடங்குகிறது. அதன் வாசகம் இன்று ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. இறைநாமம் உள்ள தாளையெல்லாம் நீரில் கரைப்பதே மரியாதை என்று அக்காலத்தவர் எண்ணியிருந்தால், அம்மடலை நாம் எங்கே ஓதியிருப்போம்? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமும் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதன்றோ!

இதைச் சொன்னால், "எங்கள் பிள்ளை என்ன பெரிதாக எழுதிவிட்டான்? சுகம், சுகத்துக்கு எழுதவும், அவ்வளவுதானே" என்பார்கள். மீலாது மேடைகளில் நம் நாவலர்கள் 1965 போரில் டாங்கிகளைத் தகர்த்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற ஹவில்தார் அப்துல் ஹமீதை முழங்குவார்கள். 1948-இல் காஷ்மீரில் உயிர்நீத்த பிரிகேடியர் முஹம்மது உஸ்மானை முழங்குவார்கள். இருவரும் பெருமைக்குரியோரே. ஆயினும் யாரோ நம் நாட்டுப்பற்றைச் சோதிக்க வந்ததுபோலவும், இவ்விருவரைக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டியதுபோலவும் பேசுவது நமக்கு உவப்பில்லை. சான்றிதழ் தேடுவோர்க்குப் பெயர்ப்பட்டியல் போதும். போர்க்களத்தில் நின்ற இருபது வயதுப் பிள்ளையின் உள்ளம் எப்படி இருந்தது என்று அறிய விரும்புவோர்க்கு அவன் கடிதம் வேண்டும்.

முதல் உலகப்போரை எடுத்துக்கொள்வோம். 1914-இல் பிரான்சு சென்ற இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களை பூலோன் நகரில் அமைந்த தணிக்கை அலுவலகம் பிரித்துப் படித்தது. துரோகச் சொல் உண்டா, மனக்கசப்பு உண்டா என்று ஒற்றறிவதே நோக்கம். சிப்பாய்களும் இலேசுப்பட்டவர்களல்லர், கறுப்பு மிளகு என்று இந்தியப் படையினரையும் சிவப்பு மிளகாய் என்று வெள்ளையரையும் குறித்து எழுதினர். தணிக்கையாளர் ஆங்கிலத்தில் பெயர்த்தெழுதிய பகுதிகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றுள் 1916 ஜனவரியில் சோம் பகுதியிலிருந்து ஒரு முஸ்லிம் சிப்பாய் எழுதியதும் ஒன்று. அவர் தங்கிய வீட்டில் ஒரு மூதாட்டி மட்டுமே இருந்தாள். அவளுடைய மூன்று மக்களில் ஒருவன் போரில் மாண்டான். ஒருவன் காயமுற்று மருத்துவமனையில் கிடந்தான். மற்றவன் பதுங்குகுழியில் இருந்தான். அவளோ இந்த அந்நியப் பிள்ளைக்குப் படுக்கை விரித்தாள், பணிவிடை செய்தாள். அவர் புறப்படும் நாளில் அழுதாள், செலவுக்குப் பணமும் கொடுத்தாள். எந்தப் போர் வரலாற்று நூலில் இந்தத் தாய்க்கு இடமிருக்கிறது?

கவனியுங்கள்: அதைக் காத்தவன் ஒற்றன். அங்கே எஞ்சியவற்றில் மிகப் பெரும்பாலானவை வடநாட்டார் எழுதியவை. நம் தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் போகாமலில்லை. பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63-ஆவது காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டது. இன்னின்ன ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போயினர், இத்தனை பேர் உயிர் கொடுத்தனர் என்று அரசாங்கம் பதித்த கல்வெட்டுகள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்றும் உண்டு. கல்லில் எண்ணிக்கை இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் சொல் இல்லை.

எழுதியதெல்லாம் உண்மையா என்று கேட்பது நியாயமே. ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு இது புதிதன்று. அறிவிப்பாளர் யார், எவரிடம் கூறினார், எந்த நிலையில் கூறினார் என்று பார்ப்போம். தாய்க்கு எழுதுபவன் குளிரை மறைப்பான், காயத்தைக் குறைத்துச் சொல்வான். அண்ணனுக்கு எழுதும்பொழுது கொஞ்சம் திறப்பான். எழுத்தறியாதவனுக்கு வேறொருவன் எழுதிக் கொடுத்திருப்பான். மேலதிகாரி படிப்பாரே என்ற அச்சமும் உண்டு. ஆகவே ஒரே வாரத்தில் தாய்க்கும் அண்ணனுக்கும் வந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். ஒன்றைக் கிணற்றில் போட்டால் மற்றதன் பொருளும் போயிற்று.

பிறர் கடிதத்தைப் படிப்பது அமானிதத்துக்கு மாறு என்போர்க்கும் ஒரு சொல். பாதுகாப்பது வேறு, ஊரறியப் படிப்பது வேறு. கணவன் மனைவியர் பேசியவை உறைக்குள்ளேயே இருக்கட்டும். எழுதியவரோ வாரிசுகளோ இசைந்தவற்றை மட்டும் வெளியே காட்டலாம்.

1971-இலும் 1999-இலும் எல்லைக்குச் சென்றவர்களின் கடிதங்கள் இன்னும் சில பரண்களில் கிடக்கின்றன. அவற்றைக் கம்பியிலிருந்து கழற்றிவிடுங்கள். துரு தாளைத் தின்னும். பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டவும் வேண்டாம். யார், யாருக்கு எழுதியது, என்ன உறவு என்பதைத் தனித்தாளில் குறித்து உடன் வையுங்கள். உறையைக் கிழித்தெறியாதீர்கள். தான் நின்ற இடத்தின் பெயரைச் சிப்பாய் எழுதக் கூடாது; 56 ஏ.பி.ஓ. என்று மட்டுமே முகவரி இருக்கும். அவன் எழுத மறந்த தேதி அஞ்சல் முத்திரையில் இருக்கலாம்.