ஆலையும் ஊரும்

கன்னலன்றிக் கிழங்கும் சர்க்கரை தருமென்பதை 1747ஆம் ஆண்டில் மார்க்கிராப் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். அந்தப் பீட் கிழங்கை நம்பி அயர்லாந்து தேயத்தில் 1926இல் கார்லோ நகரிலும், 1934இல் மாலோ, தர்லஸ், டூவம் என்னும் ஊர்களிலும் ஆலைகள் தொழில் தொடங்கின. பின்னிரண்டும் 1980களில் மூடப்பட்டன. கார்லோ 2005இலும், மாலோ 2006இலும் ஓய்ந்தன.

வெப்பநாடுகளிற் கரும்பு மலிவாய் விளையுங்கால், குளிர்நாட்டிற் கிழங்கைப் போற்றுதல் வீணென்பர் சிலர். அவர் கூற்று முற்றும் பொய்யன்று. ஐரோப்பிய நாடுகள் மானியங் கொடுத்து அயல்நாடுகளில் மலிய விற்ற சர்க்கரை, ஏழைக் கரும்புழவரை வருத்தியது. ஆதலின் 2006ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் செய்த சர்க்கரைத் திருத்தம் வேண்டற்பாலதே.

ஆயினும் ஒன்று கருதற்குரியது. பீட் கிழங்கு பாரமிக்கது. அகழ்ந்தபின் நாட்செல்லச் செல்ல இனிமை குன்றுவது. நெடுந்தொலைவு கொண்டுசென்று ஆட்டுதல் கட்டுப்படியாகாது. ஆகவே அண்மையில் உள்ள ஆலை அகலின் பயிரும் அகலும். உழவன், வண்டிக்காரன், ஆலைத்தொழிலாளி ஆகிய மூவரும் ஒருங்கே தொழிலிழப்பர். மாலோ மூடியபின் அயர்லாந்திற் சர்க்கரை ஆக்கமே ஒழிந்தது.

ஆலையை மூட ஒரு கையெழுத்துப் போதும். ஊரார் வேறு தொழிலில் தேறுதற்கோ பல்லாண்டுகள் வேண்டும். புதுத்தொழில் வேரூன்றுமளவும் பழையதைத் தாங்கி நிற்றலே ஆள்வோர்க்கு அறமாம்.