அந்த ஒப்பந்தத்தைப் பாராளுமன்றத்தில் வையுங்கள்

2025 மே

மாண்புமிகு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்களுக்கு,



கடந்த ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் கொழும்புக்கு வந்திருந்தபோது, பாதுகாப்பு ஒத்துழைப்புப் பற்றிய புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. அதன் முழு வாசகம் இன்னும் எங்கள் கண்ணில் படவில்லை.

இந்தியாவுடனான உறவை நான் எதிர்க்கவில்லை. 2022இல் டொலர் தீர்ந்து நாடு கையேந்தி நின்றபோது எரிபொருளுக்கும் மருந்துக்கும் கடன் தந்தது டில்லி. அந்த நன்றி எனக்கு உண்டு. என் கேள்வி, எங்கள் பெயரில் போடப்பட்ட கையெழுத்து ஏன் எங்களுக்கே மறைக்கப்படுகிறது என்பதுதான்.

இந்தக் கேள்வியின் கனம் உங்கள் கட்சிக்குத் தெரியாததல்ல. 1987 ஜூலை 29ஆம் திகதி, கொழும்பில் ஊரடங்குச் சட்டம் அமுலில் இருக்க, அன்றைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கூடவே கடிதங்களும் பரிமாறிக்கொண்டார்கள். திருகோணமலையையோ வேறு துறைமுகங்களையோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவமும் பயன்படுத்த விடுவதில்லை என்ற உறுதி அந்தக் கடிதங்களில்தான் இருந்தது. தமிழ் மக்களின் அரசியல் உரிமை பற்றிப் பேசப்போன இடத்தில் திருகோணமலைத் துறைமுகமும் அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளும் சேர்த்தே பேசி முடிக்கப்பட்டன. தெற்கில் உங்கள் கட்சியான ஜே.வி.பி. அதை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தது. வடக்கில் மூன்று மாதம் ஆகுமுன்பே, ஒப்பந்தப்படி வந்த இந்தியப் படையுடன் போர் மூண்டது. மக்களைக் கேளாமல் செய்த காரியத்துக்கு இரு பக்கத்திலும் உயிர் கொடுத்தவர்கள் மக்கள்.

அம்பாந்தோட்டையிலும் இதே குறைதான். 2017இல் அங்குள்ள துறைமுகத்தைச் சீன நிறுவனம் ஒன்றுக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்து 112 கோடி டொலர் பெற்றோம். துறைமுகக் கடன் அந்தப் பணத்தோடு தீர்ந்தது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. கடன் அப்படியே நின்றது. 2022 ஓகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பலுக்கு முதலில் அனுமதி கொடுத்தார்கள், பிறகு வரவைத் தள்ளிப்போடச் சொன்னார்கள், கடைசியில் 16ஆம் திகதி அது அம்பாந்தோட்டைக்கு வந்தே விட்டது. கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோலுக்கு நாங்கள் வரிசையில் நின்ற அந்த மாதத்தில், இந்திய, சீனத் தூதரகங்கள் எங்கள் நாட்டைப் பற்றிப் பகிரங்கமாக வாக்குவாதப்பட்டன. எங்கள் அரசாங்கத்திடமிருந்து தெளிவான ஒரு வார்த்தை வரவில்லை.

சிறிய நாட்டுக்கு இரகசியம் பலம் தராது. பெரிய நாடு தனியறையில் நெருக்கும்போது, "இதற்குப் பாராளுமன்றம் சம்மதிக்காது" என்று சொல்ல முடிகிற தலைவருக்கே பேரம் பேச இடம் இருக்கும். 1971இல் அன்றைய பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக்கும் யோசனையை ஐ.நா. பொதுச்சபையில் முன்வைத்தார், அந்த டிசெம்பரிலேயே அது தீர்மானமாக நிறைவேறியது. வல்லரசுகள் அதை மதித்து நடக்கவில்லை என்பது வேறு விடயம். ஆனால் இலங்கை எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அன்று உலகத்துக்கும் தெரிந்திருந்தது, எங்களுக்கும் தெரிந்திருந்தது.

வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு விதித்த ஒரு வருடத் தடை 2024ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. எந்தக் கப்பல், எந்த நிபந்தனையில் வரலாம் என்பதை எல்லா நாட்டுக்கும் ஒன்றாகப் பொருந்தும் சட்டமாக எழுதுங்கள். அதற்கு முன்பு, ஏப்ரலில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்து விவாதத்துக்கு விடுங்கள். உங்களிடம் மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருக்கிறது. அஞ்ச வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாக்காளர்