‘ஸ்கிரிப்ட் ஓடவில்லை’ என்பது பிழையறிக்கை ஆகாது

ஆய்வகங்களில் புழங்கும் வாக்கியங்களுள் மிகச் சோம்பலானது ‘ஸ்கிரிப்ட் ஓடவில்லை’ என்பது. எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, தகவல் மட்டும் இல்லை. சீரியல் இணைப்பில் அளவைக் கருவியோடு மினிகாம் வழியே பேச முயலும் மாணவர் இதைச் சொன்னதும் மூத்தவர்கள் தரும் மறுமொழியும் அதே தரத்தது: கேபிளை மாற்று, சூடோ போட்டுப் பார், மீண்டும் நிறுவு. இதற்குப் பழுதுநீக்கம் என்று பெயரிடுவது தகாது. இது பரிகாரம்.

மினிகாமில் கன்ட்ரோல்-ஏ அழுத்திப் பின் ஜி அழுத்தினால் ஸ்கிரிப்டை இயக்கலாம். இயல்பு அமைப்பில் அதைப் படித்து நிறைவேற்றுவது ரன்ஸ்கிரிப்ட் என்னும் தனி நிரல். அதற்குத் தெரிந்தது தன் சிறு மொழி மட்டுமே. முதல் வரியில் பைத்தானின் பெயரை எழுதி வைத்தாலும் அது மதிக்காது. பைத்தானையோ ஷெல்லையோ அதன் கையில் கொடுத்துவிட்டுக் கருவியைக் குறை கூறுவது, தெலுங்கு மட்டும் அறிந்தவரிடம் தமிழில் பேசிவிட்டு அவரைச் செவிடர் என்பதற்கு ஒப்பாகும்.

அமைப்புப் பக்கத்தில் ரன்ஸ்கிரிப்டுக்குப் பதில் ஷெல்லை வைக்கலாம். அப்போதும் உள்ளீடும் வெளியீடும் சீரியல் இணைப்போடுதான் பிணைந்திருக்கும். பிழை வெளியீடு மட்டுமே திரைக்கு வரும். ஆகவே ‘அளவீடு தொடங்குகிறது’ என்று எக்கோ செய்யும் வரி, திரைக்கு வராமல் கருவிக்குக் கட்டளையாகப் போய்ச் சேரும். பயனரின் விடைக்காகக் காத்திருக்கும் ரீட், விசைப்பலகையை விட்டுக் கருவியின் சொல்லை விழுங்கும். திரைக்குரிய செய்தியைப் பிழை வெளியீட்டுக்குத் திருப்பினால் முதற்சிக்கல் தீரும்.

இன்னொன்று காலவரம்பு. மாற்றாமல் விட்டால் ரன்ஸ்கிரிப்ட் 120 நொடியில் வெளியேறிவிடும். எக்ஸ்பெக்ட் 60 நொடிதான் காத்திருக்கும். இரவு முழுதும் ஓட வேண்டிய அளவீடு இரண்டு நிமிடத்தில் நின்றால் பழி கருவியின் மேல் விழுகிறது. சூடோவோ உரிமைச் சிக்கலை மறைத்து, தேடல்பாதையை மாற்றி, தனியே ஓடிய கட்டளையையும் ‘காணவில்லை’ ஆக்கிவிடக்கூடும். டெபியன், உபுண்டு போன்றவற்றில் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்ப்பதே முறை.

‘இவையெல்லாம் தொழில்நுட்பப் பணியாளர் வேலை, ஆய்வாளருக்கு எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. தவறிப்போன எக்கோவுக்குக் கருவி தரும் பிழைச்செய்தி, பதிவுக் கோப்பில் அளவீடுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கோப்பிலிருந்துதான் வரைபடம் எழுகிறது, வரைபடத்திலிருந்துதான் முடிவுரை. தரவு வந்த வழியை விளக்க இயலாதவர் அத்தரவுக்கு எப்படிப் பொறுப்பேற்பார்?

ஸ்கிரிப்டைப் படிப்பது எந்த நிரல், அதன் சொல் எங்கே போகிறது, எவ்வளவு நேரம் காத்திருக்கும், யாருடைய உரிமையில் ஓடுகிறது: இந்நான்கு வினாக்களுக்கும் விடை கையேட்டின் சில பக்கங்களில் இருக்கிறது. ஒரு பிற்பகல் போதும். அந்தப் பிற்பகலை மாணவருக்குத் தர மறுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் கேபிள் மாற்றிக்கொண்டிருக்கும் துறைகள், முறையியல் குறித்து வகுப்பெடுக்கும் தகுதியைத் தாமே இழக்கின்றன.