மூடி மறைப்பதும் குற்றமே

"குடும்ப மானம் போய்விடும், நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்." பிள்ளையிடம் அத்துமீறியவன் உறவினன் என்றால் முதலில் எழும் குரல் இதுதான். யாருடைய மானம்?

உறவினன் மட்டுமல்ல, நம்பிக்கை பெற்றுப் பழகுபவனும் அத்துமீறலாம். 2016இல் லண்டனில் 22 ஆயுள் தண்டனை பெற்ற ரிச்சர்ட் ஹக்கிள், மலேசியாவில் நல்லவனாகப் பழகித்தான் ஏழைப் பிள்ளைகளை வன்கொடுமை செய்தான். மறு ஆண்டே மலேசியாவில் சிறார் பாலியல் குற்றச் சட்டம் வந்தது. அச்சட்டப்படி, குற்றம் தெரிந்தும் போலீசில் சொல்லாதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். இது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஜார்ஜ்டவுனில் 1985இல் தொடங்கிய மாற்றத்திற்கான மகளிர் மையம், உடல் பாதுகாப்பைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது. கோயில் நிர்வாகங்களும் டியூஷன் நடத்துவோரும் அந்த மையத்தினரை அழைக்கலாமே. பிள்ளை வாய் திறந்தால் நம்புங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். உடனே 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணை அழையுங்கள்.